வாலிபர் முகாமில் எனக்குக் கொடுத்த வேலை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை வேனில் பினாங்குப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பாதிப் பாலத்தில் கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் திருச்சபை வாலிபர் ஊழியத்தின் வாட்ஸப் குழுவில் ரேமண்ட் எழுதியிருந்தான்.

"காய்ஸ், முகாம் அன்னிக்கு பஸ் ஒன்பது மணின்னு அங்கிள்கிட்ட சொல்லிடுங்க. நாம எட்டு மணிக்கே கெளம்பிடலாம். ஒன் அவராச்சும் பீஸ்ஃபுல்லா இருக்கலாம்லா."

அந்தக் குழுவில் இருக்கும் ஒரே அங்கிள் நான்.

நான் இரண்டாவது தடவை வாசிப்பதற்குள் அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. பிறகு ரேமண்ட் எழுதுகிறான், ஷாமினி எழுதுகிறாள் என்று மாறிமாறிக் காட்டியது. யாரும் எதையும் அனுப்பவில்லை. ஒரு நிமிடம் கழித்து ரேமண்டிடமிருந்து ஒரு ரோஜாப்பூப் படம் வந்தது. அதில் ஒரு வசனமும், கீழே 'காலை வணக்கம்' என்றும் எழுதியிருந்தது. அப்போது மணி இரண்டே கால்.

வேனில் என் பக்கத்தில் இருந்த பங்களாதேஷ் நண்பர், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "இல்லை, ஊழியத்தில்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. பெயர் தேவசகாயம். பினாங்குக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. டத்தோ கிராமாட் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் நான், மனைவி ஷீபா, பதினாறு வயது மகள் அபி மூன்று பேரும் இருக்கிறோம். வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில், ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அதாவது, மற்றவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாதவன் நான் என்று ஷீபா சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வந்தார். "பிரதர் சகாயம், நீங்க ஊர்ல வி.பி.எஸ். எல்லாம் நடத்தியிருக்கீங்களாமே?" என்று கேட்டார். அடக்கமாக, "ஏதோ கொஞ்சம்" என்றேன். கோப்பை காலியாவதற்குள் வாலிபர் ஊழியமும் அதன் ஆறு தன்னார்வலர்களும் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

நான் ஊழியம் பழகியது பாளையங்கோட்டை விடுமுறை வேதாகமப் பள்ளியில். மே மாதம், பத்து நாள், முந்நூறு பிள்ளைகள். எங்கள் டைரக்டர் சார் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவர் ஒரு தடவை ஊதினால் பிள்ளைகள் உட்காருவார்கள். இரண்டு தடவை ஊதினால் நாங்கள் ஓடுவோம். கல்லூரிப் பையன்களான எங்களிடம் "உனக்கு நேரம் இருக்கா?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நேரம் எங்களுடையது என்ற எண்ணமே எங்களுக்கும் இருந்ததில்லை. ஒருமுறை நான் பாட்டின் இரண்டாம் சரணத்தை முதலில் பாடிவிட்டேன். முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் விசில் ஊதி, "அந்த நெட்டையனை நிறுத்து" என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பினாங்கில் பொறுப்பு கிடைத்ததும் நான் முதல் வேலையாகச் செய்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு விசில் வாங்கினேன்.

என் ஆறு பேரில் மூன்று பேரை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். ரேமண்டுக்கு இருபத்து நான்கு வயது. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, நன்றாக கித்தார் வாசிப்பான். ஷாமினி கல்லூரி மாணவி. ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசுவாள், தமிழ் என்றால் வாயைத் திறக்க யோசிப்பாள். கிரேஸ் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். வாலிபர் ஊழியத்தில் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் எதற்கு என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் அவரிடம்தான் போய் ஒட்டிக்கொள்வார்கள்.

முதல் கூட்டத்தன்று காலை ஒன்பது மணிக்கு ரேமண்ட் என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்றான். பிள்ளைகளுக்கு வைத்திருந்த பிஸ்கட்டை நான் எடுத்துத் தின்றுவிட்டேன் என்று சந்தேகப்படுகிறான் போலும் என்று நினைத்து, "நான் எதையும் தொடவில்லை" என்றேன். இங்கே காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அப்படித்தான் விசாரிப்பார்கள். வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தொழிற்சாலையில் யாரும் யாருடைய பசியையும் விசாரிப்பதில்லை.

தன்னார்வலர்களுக்கு நான் ஒரு வருகைப் பதிவேடு போட்டேன். தாமதமாக வருபவர்களுக்குத் தொழிற்சாலை வழக்கப்படி ஒரு படிவம் வைத்தேன். தாமதத்துக்கான மூலகாரணம், திருத்த நடவடிக்கை என்று இரண்டு கட்டம். ரேமண்ட் முதல் கட்டத்தில் 'தூங்கிட்டேன்' என்று எழுதினான். இரண்டாவது கட்டத்தில் 'இனிமே தூங்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நான் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டேன். அவன் கேலி செய்தான் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இங்கே யாரும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். எதைக் கேட்டாலும் "கேன்லா அங்கிள்" என்பார்கள், முடியும் என்று. 'லா' குட்டையாக விழுந்தால் வேலை நடக்கும். கொஞ்சம் நீண்டால் பாதி நடக்கும். ராகம் போட்டு இழுத்தால் நாமே போய்ச் செய்துகொள்ள வேண்டியதுதான். எனக்கு அந்த மூன்றும் ஒன்றாகவே கேட்டன.

3

இந்த வருடம் தெலுக் பஹாங் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் ஒரு நாள் முகாம் நடத்தத் தீர்மானித்தோம். மண்டபத்துக்கும் கடற்கரைக்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் மலாயில் இருக்க வேண்டும்.

"அங்கிள், லெட்டர் நான் எழுதித் தரேன். ஸ்கூல்ல மலாய்ல நான்தான் ஃபர்ஸ்ட்" என்றான் ரேமண்ட்.

"பரவாயில்லப்பா, நானே பாத்துக்கிறேன்" என்றேன். இரண்டு வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

முப்பது இளைஞர்கள், ஆறு தலைவர்கள் என்று எழுத வேண்டும். தலைவருக்கு மலாயில் என்ன சொல் என்று தெரியவில்லை. தலைவர் என்பது தலையிலிருந்து வந்த சொல்தானே என்று யோசித்தேன். முடிவெட்டும் கடையில் தலைக்கு ஒரு சொல் கேட்டிருக்கிறேன். கெப்பாலா. பாசாரில் தேங்காய் வாங்கும்போது ஒரு சொல் கேட்டிருக்கிறேன். கெலாப்பா. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்கக் கலக்கத்தில் இரண்டில் எது எது என்று குழம்பி, அழகான கையெழுத்தில் 'முப்பது இளைஞர்கள், ஆறு தேங்காய்கள்' என்று எழுதி, சபையின் முத்திரையும் குத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அலுவலகத்தில் ஒரு மலாய் அம்மா கடிதத்தைப் பொறுமையாக வாசித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வாசித்தார். எங்கள் உரையாடல் மலாயில் நடந்தது. என் பக்கத்தை மலாய் என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

"இந்த ஆறு தேங்காய்களும் எதற்கு, என்சிக்?" என்று, அதாவது 'ஐயா' என்று, மரியாதையாகக் கேட்டார்.

தலைவர்கள் எதற்கு என்று கேட்பதாகவே என் காதில் விழுந்தது.

"பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு" என்றேன்.

"தேங்காய்களா?"

"ஆமாம். எல்லாம் நல்ல தேங்காய்கள். நானே பயிற்சி கொடுத்தேன். ஒரு தேங்காய் கித்தார் வாசிக்கும்."

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா இன்னும் மெதுவாக, "கடற்கரையில் உடைப்பீர்களா?" என்று கேட்டார். உடைப்பதற்கான சொல் எனக்குத் தெரியாது. தெரியாத மலாய்ச் சொல் வந்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவது என் வழக்கம். ஆட்டினேன்.

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்" என்றேன்.

"அப்படியானால் துப்புரவுக்குத் தனிப் படிவம். இரண்டாம் மாடி."

இரண்டாம் மாடிக்குப் படியேறப் போனவனை வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்தான் தடுத்து நிறுத்தினாள். "அண்ணே, தேங்கா ஒடைக்கவா போறீங்க? ஆனா லெட்டர்ல சர்ச்சு சாப் குத்தியிருக்கே. தைப்பூசத்துக்குத்தானே ஒடைப்பாங்க?" என்றாள். அவள் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கூடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. மலாய் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு வெற்றுத்தாளும் பேனாவும் கொடுத்தார். நல்ல மனுஷி. நான் அந்தத் தாளை ரேமண்டிடம் கொண்டுபோனேன். அவன் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தான். இரண்டு நாளில் அனுமதி வந்தது.

அந்த வாரம் முழுக்க ஆறு பேரும் ஒருவரையொருவர் தேங்காய் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எழுதித் தருகிறேன் என்று முதலிலேயே சொன்னவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

4

பாலத்தில் அந்தச் செய்தியைப் படித்த சனிக்கிழமைக்கு வருகிறேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அபி சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கைப்பேசி வண்டுபோல் விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"யாரு?"

"டியூஷன் குரூப்பு."

அவள் அதைக் கவிழ்த்துவைப்பதற்குள் குழுவின் பெயரைப் படித்துவிட்டேன். 'நோ விசில்.'

"இது எந்தப் பாடத்துக்கு டியூஷன்?" என்றேன்.

அடுக்களையிலிருந்து ஷீபா, "சொல்லிரு அபி. என்னைக்கா இருந்தாலும் தெரியத்தானே செய்யும்" என்றாள். அப்போதுதான் ஷீபாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்று தெரிந்தது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஆறு தன்னார்வலர்கள், ஷீபா, குழுவைத் தொடங்கியவளாக என் மகள். ஒன்பதாவதாகப் பாஸ்டர்.

"பாஸ்டருமா?"

"அவர் ஒண்ணும் எழுத மாட்டாருப்பா. தம்ஸ் அப் மட்டும்தான் போடுவாரு" என்றாள் அபி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வாலிபர் கூட்டத்துக்கு வராமல் ஒரு வருடமாக டியூஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு கூட்டம் நடத்தியிருக்கிறாள். மேலே படித்தேன். என்னைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. இருந்ததெல்லாம் வேலைதான். யார் யாரை ஏற்றிக்கொண்டு வருவது, எந்தப் பையன் இரண்டு வாரமாக வரவில்லை, அவன் வீட்டுக்கு யார் போவது. நான் படிவம் போட்டும் நடக்காததெல்லாம் அங்கே படிவம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"எல்லாருக்கும் என் மேல அவ்வளவு வெறுப்பா?"

"வெறுப்பெல்லாம் இல்லப்பா. டயர்டாயிட்டாங்க." அவள் தயங்கினாள். "முகாம் முடிஞ்சதும் ரேமண்டண்ணே ஊழியத்த நிப்பாட்டிடுவாரு. ஷாமினியும்தான். கிரேஸ் ஆன்ட்டி ஆல்ரெடி நிப்பாட்டிட்டாங்க, நீங்கதான் கவனிக்கல. எட்டு மாசமா பலகாரம் மட்டும்தானே கொண்டாந்து தராங்க?"

"நீ ஏன் வரல?"

"நான் வாயத் தொறந்தாலே நீங்க நிப்பாட்டித் திருத்துவீங்க. என் ஃபிரண்ட்ஸ் முன்னாடி."

ஷீபா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சீனி போட மறந்திருந்தாள். நான் அதைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட முதல் குறை அது.

5

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே கிரேஸ் அக்கா கடைக்குப் போனேன். கடையில் ஒரு கல்யாணப் பெண் கையை விரித்து நின்றிருந்தாள். அக்கா வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ரவிக்கைக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே உட்காரச் சொன்னார்.

அந்தப் பெண் போகும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது தொண்டைவரை நின்றது. "அக்கா, நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார்.

"யோனா கத ஞாபகம் இருக்கா தம்பி?"

எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். யோனா மீனின் வயிற்றில் நாலு நாள் இருந்தான் என்று சொல்லிவிட்டார். நான் பின்னாலிருந்து, "மூணு நாள்! மூணு!" என்று சத்தம் போட்டேன். விசிலும் ஊதியிருந்தேனா என்று சரியாக நினைவில்லை. ஊதியிருப்பேன்.

"மூணுதான் தம்பி. தப்புதான். ஆனா அந்த இருட்டுல, அந்த நாத்தத்துல, அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்க மூச்சுவிடாம கேட்டுச்சிங்க. நீங்க கத்துனதும் அத்தன தலையும் உங்க பக்கம் திரும்பிருச்சி. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல. கீழ எறங்கிட்டேன்." அவர் அளவுநாடாவைச் சுருட்டினார். "எட்டு மாசம் ஆச்சி. யோனா இன்னும் மீன் வயித்துக்குள்ளதான் கெடக்குறான். யாருமே அவன வெளிய எடுக்கல."

கல்யாணப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் நிறுத்தப்பட்ட நெட்டையன் போய் நின்ற அந்தத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. அந்த டைரக்டர் சாரைப்போல் ஆகக் கூடாது என்று அன்றைக்கு நினைத்த ஞாபகமும் வந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். "முகாம்ல நீங்களே அவனை வெளியே எடுக்கணும். எத்தனை நாள்னு வேணும்னாலும் சொல்லுங்க."

"அட, மூணுன்னே சொல்றேன்லா" என்றார் அக்கா. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "கைய தூக்கும்மா, இவரு எங்க சர்ச்சுதான்" என்றார்.

ரேமண்டைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில், அடுத்த பொட்டலத்துக்காக அவன் காத்திருந்தபோது பிடித்தேன். அந்தக் கடிதம் விஷயத்துக்கும் படிவங்களுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினான். "ஐயோ, எதுக்கு அங்கிள் சோரியெல்லாம்... பசியாறிட்டீங்களா?" என்றான். அப்போது மாலை ஐந்தரை மணி. அவனுக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்றே பழைய குழுவில் இப்படி எழுதினேன். 'முகாமை நீங்களே நடத்துங்கள். எல்லா முடிவும் உங்களுடையது. எனக்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்.'

பதினைந்து நிமிடம் கழித்து ஷாமினி, 'அங்கிள், உங்க போன் திருடுபோயிருச்சா?' என்று கேட்டிருந்தாள்.

6

எனக்குக் கொடுத்த வேலை, கழிவறைச் சாவி.

அந்த மண்டபத்துக்கு ஒரே கழிவறைக் கட்டடம். அதற்கு ஒரே சாவி. தொலைத்தால் தொலைந்தோம் என்று காவலாளி மிரட்டியிருந்தார். "பொறுப்பான ஆளு வேணும் அங்கிள்" என்று ரேமண்ட் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பஸ் எட்டு மணிக்குத்தான் என்று என்னிடமும் சரியாகச் சொன்னார்கள். நானும் ஷீபாவும் அபியும் எங்கள் காரில் பின்னாலேயே போனோம். அபி டியூஷன் இருப்பதாகச் சொல்லவில்லை.

கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்து மண்டபம் தெரியும், சத்தம் பாதிதான் கேட்கும். குறை கண்டுபிடிப்பவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்கியது. பதாகை கோணலாக இருந்தது. பாட்டுத்தாள் பத்துப் பிரதி குறைவு. நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று நடந்தது. முப்பது பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்? உள்ளே ஆள் இருந்தால் வெளியே நிற்க வேண்டும். நின்றால் பேச வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஒருத்தி தன் அப்பாவுக்கு சிங்கப்பூருக்கு வேலை மாற்றல் ஆகிவிட்டது, போக விருப்பமில்லை என்றாள். ஒருவன் பரீட்சையை நினைத்தால் வயிறு கலக்குகிறது, அதனால்தான் மூன்றாவது தடவை வருகிறேன் என்றான். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு இரண்டு வருடமாக டிக் போட்டிருக்கிறேன். அவன் பேரை அன்றைக்குத்தான் அவன் வாயால் கேட்டேன்.

பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கடற்கரை விளையாட்டுகள் முழுக்க ஷாமினியின் பொறுப்பு. மண்டபத்தில் மின்சாரமும் போயிற்று. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கை தானாக விசில் இருந்த சட்டைப் பைக்குப் போனது. மழையில் நனைந்துகொண்டே அபி ஓடிவந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"எங்க போறீங்க?"

"ஷாமினி தனியா..."

"அப்பா. சாவி."

உட்கார்ந்தேன். அரையிருட்டு மண்டபத்தில் ரேமண்ட் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தான். ஷாமினி ஏதோ சொன்னாள். விளையாட்டுக்குப் பதிலாகக் கிரேஸ் அக்கா நடுவில் வந்து உட்கார்ந்தார். மழைச் சத்தமும் இருட்டும், பக்கத்தில் கடல். யோனாவுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. நான் கதவுவரை போய் நின்று கேட்டேன். அக்கா மூன்று நாள் என்றுதான் சொன்னார். மீன் அவனைக் கரையில் கக்கிய இடத்தில், "வெளிய வந்ததும் மொத வெளிச்சத்தப் பாத்து அவன் கண்ணு கூசிருச்சி" என்று அவர் சொன்னபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பையன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "அங்கிள், பிளீஸ், சாவி" என்று கெஞ்சிய பிறகுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

மாலையில் பாஸ்டர் வந்து சேர்ந்தார். முடிவு ஜெபத்தைத் தமிழில் செய்கிறேன் என்று ஷாமினி தானாகவே கேட்டு வாங்கியிருந்தாளாம். முன்னே வந்து நின்றாள். கையிலிருந்த கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவைத்திருந்தாள். எல்லாரும் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே," என்று தொடங்கினாள். குரல் தெளிவாக இருந்தது. "எங்களை ஆட்கொல்லும்."

என் கண் திறந்துகொண்டது.

"எங்கள் குடும்பங்களை ஆட்கொல்லும். எங்கள் சபையை ஆட்கொல்லும்." அவளுக்குத் தைரியம் ஏறிக்கொண்டே போனது. "விசேஷமாக எங்கள் பாஸ்டரை ஆட்கொல்லும்."

பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். ஷீபாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என் நாக்கு நுனியில் ஒரு ளகரம் வந்து நின்றது. பதினான்கு வருடமாக யாருக்காகவும் விழுங்காத ஒன்றை அன்றைக்கு விழுங்கினேன்.

"சகாயம் அங்கிளையும் மறக்காமல் ஆட்கொல்லும்" என்று முடித்தாள் ஷாமினி.

"ஆமென்" என்று முப்பது பேரும் மனப்பூர்வமாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஜெபம் முடிந்ததும் அவள் நேரே என்னிடம்தான் வந்தாள். "அங்கிள், ஓகேவா? தப்பு இருந்துச்சா?"

"மனசுலேருந்து வந்துச்சும்மா" என்றேன். அது பொய்யில்லை.

"அப்ப அடுத்த மாசக் கூட்டத்துலயும் நானே செய்யட்டுமா?"

"செய்ம்மா" என்றேன். அடுத்த மாதமும் வருகிறாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பின்னால் கித்தாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த ரேமண்ட், "அடுத்த முகாம்ல சாவிக்கு வேற ஆள் பாக்கணும்லா, அங்கிள் பேசிக்கிட்டே இருக்காரு, க்யூ நகரவே மாட்டேங்குது" என்றான். அவனும் வருகிறான் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

7

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சாலையின் வளைவுகளில் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஷீபா பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். அபி என் பக்கத்தில் சன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் எதையும் கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இந்தப் பெண்ணுக்குத் தமிழ் போய்விட்டது என்று ஊருக்குப் பேசும்போதெல்லாம் நான் புலம்பியிருக்கிறேன். லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்கிவிட்டாள் என்று என் அண்ணனிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அவள் திரும்பினாள்.

"அப்பா, ஷாமினி நம்ம எல்லாரையும் சாகடிக்கச் சொல்லித்தானே கடவுள்கிட்ட கேட்டா?"

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அது கொல்லும் இல்ல. கொள்ளும். நாக்க மடிக்கணும்." நாக்கை மேலண்ணத்தில் மடித்துக் காட்டினாள். "கொள்ளும். கரெக்டா?"

"கரெக்ட்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"பைத்தியமா? அவ எவ்ளோ பயந்துக்கிட்டு இருந்தா தெரியுமா? எல்லார் முன்னாடியும் சொன்னா அடுத்த தடவ வருவாளா?" சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "புதன்கிழம அவ வீட்டுக்குப் போறேன். அப்ப சும்மா பேசுற மாதிரி சொல்லிக்கிறேன்லா."

விளக்கு எப்போது பச்சையாயிற்று என்று எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஷீபா திடுக்கிட்டு விழித்து, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள்.